கையை ஆட்டாமல் எடு

குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு வார்ப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வார்த்து ஆறிய இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா, காற்று அடைபட்டுக் குழி விழுந்திருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அதைப் படம் எடுத்து, சிவப்பு அம்புக்குறி போட்டு, ரிப்போர்ட்டில் ஒட்ட வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய விரிசலும் படத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கஸ்டமர் நம்பமாட்டார். ஆகவே லென்ஸின் கூர்மை என்பது என் வேலையில் ரசனை விஷயம் கிடையாது. அது இல்லாவிட்டால் ரிப்போர்ட்டே இல்லை.

அந்தப் புத்தியைத் தினமும் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன், இரும்பு மூக்கு வைத்த ஷூவைக் கழற்றுகிறேன். இதை மட்டும் போட்டுக்கொண்டே அறைக்கு வந்துவிடுவேன்.

எனக்கென்று ஒரு கேமராவும் உண்டு. கைமாறி வந்த பழைய கேமரா, கூடவே ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று. அது வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என் வாடகை அறைச் சுவரில் தினசரியின் வரி விளம்பரப் பக்கத்தை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன். எதிரே ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, அந்தப் பக்கத்தை நாற்பது ஐம்பது தடவை எடுத்தேன். லென்ஸைச் சோதிப்பது இப்படித்தான். நடுவில் எழுத்து வெட்டிவைத்த மாதிரி விழுகிறதா, மூலைக்குப் போகப் போக மசங்குகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஏதோ வேலையாக மாடிக்கு வந்த வீட்டுக்காரர், திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னா சார், மனை எதுனா வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் முழுக்க மனை விளம்பரம்.

"இல்லைங்க. லென்ஸ் டெஸ்ட்."

"அதுக்குப் பேப்பரையா எடுப்பாங்க? எதுனா ஆளை நிக்க வச்சி எடுக்கறது?"

எடுப்பதற்கு ஆள் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். அவரும் சிரித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த மாடியில் வரிசையாக ஏழு அறைகள். மற்ற ஆறிலும் வடக்கே இருந்து வந்த பிள்ளைகள், ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டு பேர். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைப்பார்கள், ஒருவர் தலையை ஒருவர் வெட்டிவிடுவார்கள், எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. நான் கதவைச் சாத்திக்கொண்டு லென்ஸின் மூலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கதவைச் சாத்துவதற்குச் சொல்லிக்கொள்ளும் காரணம் உருக்காலைத் தூசி.

என் மனைவி பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில் இருக்கிறாள். அத்தை மகள்தான். அங்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல் நிலமும் ஒரு கிணறும் ஒரு கறவை மாடும் உண்டு. நிலத்தை நம்பி மட்டும் இருக்க முடியாமல் நான் இங்கே வந்தேன். நிலத்தை விட்டுவிடவும் முடியாமல் அவள் அங்கே இருந்தாள். ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை போய் திங்கட்கிழமை விடியலில் கிளம்பி வருவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் அது தெரியாமல் மற்றது புரியாது.

எங்கள் இருவருக்கும் போனில் பேச வராது. "துன்னியா?" "ம்." "மாடு?" "ம்." அவ்வளவுதான். அதற்குப் பதில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து ஒரே ஒரு படம் அனுப்புவாள். கிணற்றில் தண்ணீர் எந்தப் படி வரை இருக்கிறது, கத்திரியில் பூ விட்டது, கொட்டகை ஓரம் குட்டி போட்ட பூனை, அன்றைக்கு வைத்த கருவாட்டுக் குழம்பு. கீழே ஒரு எழுத்தும் இருக்காது. ஆறரை மணிக்குப் போன் ஒரு தரம் அதிரும், பார்ப்பேன். முழு நாளில் எனக்கென்று வருவது அந்த ஒன்றுதான். அது நின்றுவிட்டால் இந்த ஊரில் நான் இருக்கிறேனா இல்லையா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். அப்போது இது தெரிந்தவனாக நான் நடந்துகொள்ளவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், படம் வந்ததும் இரண்டு விரலால் பெரிதாக்குவேன். கத்திரிப்பூவைப் பார்க்க அல்ல, அதில் ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க. பின்னாலிருக்கும் வேலியில் விழுந்திருந்தால் பதில் போடுவேன்: "ஃபோகஸ் வேலியில் இருக்கு. பூவைத் தொட்டுட்டு எடு." ஒருமுறை மாட்டின் முகத்தை எடுத்து அனுப்பினாள். அதன் கண்ணைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, அப்படியே திருப்பி அனுப்பினேன். தொழிற்சாலைப் பழக்கம். "மாடு ஆடுச்சி" என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. ஷட்டர் வேகத்தைப் பற்றி எட்டு வரி எழுதி அனுப்பினேன்.

கடந்த ஒரு வருடமாக வேறு ஒரு குறை வரத் தொடங்கியது. படம் மசங்கலாவதில் இரண்டு வகை உண்டு. ஃபோகஸ் தப்பினால் எல்லாப் பக்கமும் சமமாகப் பூத்துப்போகும். கேமரா அசைந்தால் ஒரு திசையில் இழுபடும். அவள் படங்கள் இழுபட்டிருந்தன. குழம்புச் சட்டியின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. "ஷேக் ஆயிருக்கு. கையை ஆட்டாம எடு" என்று போட்டேன். இரண்டு நாள் கழித்து, "மறுபடியும் ஷேக்." பிறகு, "ரெண்டு கையாலயும் புடி." பிறகு, "மூச்சைப் புடிச்சிக்கினு எடு." பிறகு வெறுமனே, "ஷேக்." பதில் போட்டதும் படத்தை அழித்துவிடுவேன். ரிஜெக்ட் ஆன படத்தை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் பிரிவில் கண்டிப்பான விதி, தவறிப்போய் ரிப்போர்ட்டில் சேர்ந்துவிடக்கூடாது. என் போனில் எந்த ரிப்போர்ட்டும் இல்லை. இருந்தாலும் அழித்தேன்.

போன்தான் மோசம் என்று முடிவுகட்டி ஒரு நல்ல போனை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பகல் வெயிலில் எடுத்துக் காட்டினேன், ஊசி மாதிரி இருந்தது. "இதுக்கு மேலயும் ஆடிச்சின்னா நீதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமே ஆடியது.

அதன்பிறகு படங்கள் குறைந்தன. தினமும் வந்தது, ஒன்றுவிட்டு ஒருநாள் ஆனது. பிறகு வாரத்துக்கு இரண்டு. நாற்று நடவு நேரம், வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறரைக்குப் போனை எடுத்துப் பார்ப்பேன், ஏழு மணிக்கும் பார்ப்பேன், பிறகு ஓட்டலில் சாப்பாடு வாங்கிவரப் போய்விடுவேன். ஏன் அனுப்பவில்லை என்று கேட்க ஒரு மாதிரி வீம்பாக இருந்தது. நல்ல படமாக இருந்தால் அனுப்புவாள் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அதை நினைத்தவன் நான்தான் என்று இப்போது நம்பவே கூச்சமாக இருக்கிறது.

இந்தச் சமயத்தில் தொழிற்சாலையில் ஒரு ரிப்போர்ட் திரும்பி வந்தது. ஒரு கஸ்டமருக்கு அனுப்பிய வார்ப்புகளில் ஒரே பக்கம் கோடு விழுந்திருந்தது. அதற்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அசதி. அப்படி எழுதுவதைப் பொதுவாக எந்தக் கஸ்டமரும் ஏற்பதில்லை. ஒரு குறைக்கு ஏன் என்று கேட்க வேண்டும், வரும் பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும், இப்படி ஐந்து தடவை கேட்டு இறங்கிப் போனால்தான் நிஜமான காரணம் வரும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். வருடாவருடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை வகுப்பெடுப்பவனே நான். திரும்பி வந்த தாளில், "இது காரணம் இல்லை" என்று ஒரே வரி எழுதியிருந்தார்கள்.

முகம் சிவந்துபோய், கோடு விழுந்த வார்ப்புகளை மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாக் கோடும் ஒரே திசை. நடுவில் விட்ட இடைவெளியும் ஒரே அளவு. அளந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. கவனக்குறைவில் இப்படி ஓர் ஒழுங்கு வராது. மனிதன் கவனம் தப்பினால் ஒருநாள் இங்கே தப்பும், ஒருநாள் அங்கே தப்பும். ஒரே மாதிரி, ஒரே அளவில், விடாமல் வந்தால் எங்கேயோ ஏதோ அதிர்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் அந்த வார்ப்புகளைக் கடையும் மெஷினுக்கு அடியில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பியபோது ஆறரை தாண்டியிருந்தது. போன் அதிர்ந்தது. ஐந்து நாளைக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு படம்.

மாட்டுக் கொட்டகை. மாடு நிழலாகத் தெரிந்தது. மேலே தொங்கும் குண்டு பல்பு, இருட்டுக்காகப் போன் இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டதில், இழுபட்டு வளைந்து வளைந்து ஒரு கோடாகியிருந்தது. வழக்கம்போல "ஷே" என்று முதல் எழுத்தை அடித்துவிட்டேன். பிறகு விரல் நின்றுவிட்டது. பல்பின் கோட்டைப் பெரிதாக்கினேன். சின்னச் சின்ன வளைவுகள். ஒவ்வொன்றும் ஒரே உயரம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி. மேஜையில் இருந்த இரும்பைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன்.

அடித்த எழுத்தை அழித்தேன். சூப்பர்வைசரிடம் லீவு சொன்னேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் வந்து, திருத்தணிக்கு மின்சார ரயில் ஏறினேன்.

ரயிலில் உட்கார்ந்து, நான் எடுத்த அவளுடைய படங்களைப் போனில் தேடினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் கேமராவைக் கொண்டுபோய் அவளை எடுப்பேன். கன்னத்தில் கைவைத்து ஒன்று, முறத்தோடு ஒன்று, கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்று. எல்லாம் என் ஐம்பது எம்.எம். லென்ஸில் எடுத்தவை. இமை முடியை எண்ணலாம். வளையலில் இருக்கும் கீறல் தெரிகிறது. விரல் ரேகைகூடத் தெரிகிறது. கை மட்டும் எந்தப் படத்திலும் துளி அசையவில்லை. திருவாலங்காடு ஸ்டேஷனில் வண்டி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஷட்டரைத் திறந்து மூடினால் காற்றாடியே நின்றுபோனதாகத் தெரியும். நடுங்கும் கை தெரியவா போகிறது? அவ்வளவு கூர்மையான படங்களை நான் எடுத்துக் குவித்ததில் அந்தக் கை ஒரு வருடமாக ஒளிந்துகொண்டிருந்தது. நான் அழித்துத் தள்ளிய அவளுடைய மட்டமான படங்களில்தான் அது இருந்தது.

வாரத்தின் நடுவில் நான் போய் நின்றதும் பயந்துவிட்டாள்.

"இன்னா மாமா, வேலை போயிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா வந்தேன்."

சும்மா வருகிறவன் இல்லை நான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எப்போதும் நான் போகும் நாட்களில் அவள் கைக்கு ஏதாவது வேலை இருக்கும், அரிசி புடைப்பாள், கீரை ஆய்வாள். இன்று வேலை எதுவும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், அங்கே இல்லவே இல்லாத ஒரு சோற்றுப் பருக்கையை உருட்டிக்கொண்டே இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்ததும் முந்தானையை எடுத்து மேலே போட்டாள். துணிக்கு அடியிலும் அது உருட்டியது.

"எத்தினி நாளா ஆடுது?"

"இன்னாது?"

"கை."

"இதுவா?" என்று முந்தானையை விலக்கி, யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். "நீதான சொல்லிக்கினே இருந்த, கையை ஆட்டாத ஆட்டாதன்னு. நானும் ஆட்டக்கூடாதுன்னுதான் பாக்கறேன். கேக்க மாட்டேங்குது மாமா. ரெண்டு கையால புடிச்சேன். தூண்ல சாஞ்சிக்கினு எடுத்தேன். மாட்டு முதுவு மேல போனை வச்சிக்கூட எடுத்துப் பாத்தேன். அது மூச்சு வுட்டுச்சி."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்ட சொல்றது? உனக்குத்தான் தெனமும் அனுப்பிக்கினு இருந்தேனே."

குத்திக்காட்ட அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. நடந்ததைச் சொன்னாள். நான் எழுந்து கொட்டகைப் பக்கம் போய், மாட்டுக்கு ஏற்கனவே இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் திருவள்ளூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவள் பேசியது மாட்டைப் பற்றித்தான். பக்கத்து வீட்டுக்காரி கறந்தால் அது பாலை அடக்கிக்கொள்ளுமாம். டாக்டர் நிதானமான ஆள். அவளை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். ஒரு தாளைக் கொடுத்து நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். சுருள் முழுக்கச் சின்னச் சின்ன வளைவுகள், ஒரே அளவு, ஒரே இடைவெளி. அந்தக் கோட்டை நான் முன்பே பார்த்திருந்தேன்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றாள்.

"ஒரு உத்தேசமா? ஆறு மாசம்? ஒரு வருஷம்? தெரிஞ்சா மருந்து அளவு முடிவு பண்ண வசதியா இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்தேன். எங்கள் இருவருக்குமான பக்கத்தைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். படங்கள் எதுவும் இல்லை. அழித்த இடங்களில் நீர்பட்டது போல மங்கிய சதுரங்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே நான் போட்ட பதில் பத்திரமாக இருந்தது, தேதியோடு, மணியோடு.

"போன வருஷம் ஆடி மாசம் சார்" என்றேன்.

"அவ்ளோ கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

படித்துக் காட்டினேன். வேறு வழியில்லை. "ஷேக் ஆயிருக்கு, கையை ஆட்டாம எடு. இதுதான் சார் முதல் தடவை. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சி. அப்புறம் அடுத்த வாரம் மூணு தடவை. ஐப்பசிக்கு மேல தெனமும்." நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தையும் படித்தேன். இதுக்கு மேல ஆடிச்சின்னா நீதான் என்று வாயால் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் இடத்தில் அவள் கை என் முழங்கையைத் தொட்டது. போதும் என்றா, பரவாயில்லை என்றா, கை தானாக நகர்ந்து பட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நல்லா குறிச்சி வச்சிருக்கீங்க. நெறைய பேர் இவ்ளோ சரியா சொல்ல மாட்டாங்க" என்றார் டாக்டர். பாராட்டாகத்தான் சொன்னார்.

நடுக்குவாதம். ஆரம்ப நிலை. ஐம்பத்தொரு வயதுக்குச் சீக்கிரம்தான், ஆனால் மாத்திரையில் பல வருடம் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார். வீட்டில் யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். வெளியே வந்ததும், "நாஷ்டா துன்னுட்டு போலாம் மாமா, பசிக்குது" என்றாள். பஸ் ஸ்டாண்ட் எதிரே இட்லி சாப்பிட்டோம். இடது கையால் டம்ளரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். எப்போது கற்றாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நாலு நாள் இருந்துவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பினேன். அந்த வாரம் படம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மாத்திரை பிடித்துக்கொண்டது, நடுக்கம் குறைந்திருக்கிறது என்று போனில் சொன்னாள். ஆனால் படம் மட்டும் இல்லை. ஆறரை மணிக்குப் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து அறைகளில் சிரிப்பார்கள். போனில் நான் சேர்ந்திருந்த, லென்ஸ் பற்றியே பேசும் ஒரு குழுவில் யாரோ யாரிடமோ மூலைக் கூர்மைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அதைவிட்டு வெளியே வந்துவிட்டேன். இந்த ஒன்பது வருடத்தில் அந்த மூன்று வாரம்தான் நான் நிஜமாகத் தனியாக இருந்தேன். அதற்கு முன்பு இருந்தது தனிமை கிடையாது. தினமும் ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள், நான் தட்டுகிற விதம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே போன் போட்டுக் கேட்டேன்.

"போட்டோவே அனுப்ப மாட்டேங்கிற?"

"இன்னாத்துக்கு? ஆடும். உனக்குப் பேஜாரு."

"ஆடினா ஆடட்டும். அனுப்பு. ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவளுக்குப் பின்னால் மாடு மூச்சுவிடுவது கேட்டது.

"நான் இத்தினி வருஷம் அனுப்பினேன் மாமா. கெணறு, மாடு, பூனைக்குட்டி, கொழம்பு, அல்லாம். நீ ஒண்ணு அனுப்பி இருக்கியா? நீ இருக்கற ரூமு எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நைட்ல நெனச்சிப் பாத்தா செவுரே வர மாட்டேங்குது."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. லென்ஸ் சோதிக்க இந்த அறைச் சுவரை நூற்றுக்கணக்கில் எடுத்தவன், அவளுக்கு ஒன்று அனுப்பியதில்லை. அனுப்ப இங்கே என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"இப்ப அனுப்பறேன்" என்று வைத்தேன்.

எடுத்தால் ஒழுங்காகத்தான் எடுப்பேன், என்ன செய்வது. ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டேன். கேமராவைக் கதவோரம் ஸ்டாண்டில் நிறுத்தினேன். அறை முழுக்க அடங்க வேண்டும் என்று பிற்பாடு வாங்கிய அகலமான லென்ஸைப் போட்டு, முன்னாலிருந்து பின்சுவர் வரை எல்லாமே கூர்மையாக விழும்படி வைத்தேன். டைமரை அழுத்திவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, முழங்காலில் வைத்துக்கொண்டேன். அளவைக் குறைக்காமல் அப்படியே முழுப் படத்தையும் அனுப்பினேன். பிறகு காத்திருந்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் என் முதல் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டு நின்ற மாதிரி இருந்தது.

அரைமணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். எங்கள் வழக்கத்தில் இல்லாதது.

"நல்லா தெரியுது மாமா. பெரிசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன், அல்லாம் தெரியுது. இவ்ளோ எளைச்சிப் போயிட்டியா நீ? ஊருக்கு வரும்போது எனக்குத் தெரியலியே. கண்ணுக்குக் கீழ இன்னா அது? தூங்கறது இல்லியா? சட்டைல மூணாவது பட்டன் இல்ல."

குனிந்து பார்த்தேன். இல்லை.

"ஜன்னலுக்குப் பக்கத்துல பலகை மேல ஒரு தட்டு, ஒரு டம்ளர் வச்சிருக்க."

"ஆமா."

"மத்த தட்டெல்லாம் எங்க?"

"அவ்ளோதான் இருக்குது."

நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. இரும்பில் முடியளவு விரிசலைக் கண்டுபிடிப்பவன் ஒன்பது வருடமாகத் தினமும் அதில்தான் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அது குறையாக எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவளை இங்கே வா என்று ஒருதடவைகூடக் கூப்பிட்டதும் இல்லை.

"அப்ப நான் வந்தா எதுல துன்றது?" என்று கேட்டாள்.

"வாங்கி வைக்கிறேன்" என்றேன். "நாளைக்கே வாங்கிடறேன். நீ வா."

"மொதல்ல வாங்கி அந்தப் பலகை மேல வச்சி, இதே மாதிரி தெளிவா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள். "பாத்துட்டு எந்த பஸ்ஸு ஏறணும்னு கேக்கறேன்."